ஊரெல்லாம் பயணம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவன்

“...பஸ்ஸுக்குக் கை காட்டி நிண்ட ஆக்களிட்டயும் போய்க் கேட்டீங்க. மீன்காரனிட்டயும் கேட்டீங்க. என்னட்ட மட்டும் கேக்கல்ல நீங்க.”

இப்படிச் சொன்னது என் மனைவி பரீதா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் மருமகனின் முச்சக்கர வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. எனக்கு டயலிசிஸ் நாள். நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இன்றைக்கும் வரமாட்டேன், இனி எப்போதும் வரமாட்டேன் என்று சொல்லி முடித்திருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் மகளைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் இதைச் சொன்னாள்.

அவள் என்ன கேட்கிறாள் என்று உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இருபத்தாறு வருடம் கல்முனை–அம்பாறை தனியார் பஸ்ஸில் நடத்துநராக நின்றவன் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மிச்சம் படித்ததெல்லாம் பஸ்ஸுக்குள் சனம் கதைத்ததைக் கேட்டுத்தான். நல்ல கதை ஒன்று காதில் விழுந்தால் டிக்கட் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். இறக்காமத்துப் பெண் ஒருத்தி, யானை வந்து வயலை மிதித்துப்போட்ட மறுநாள் பஸ்ஸில் சொன்னாள்: “ஆனைக்கு எங்களோட என்ன கோவம்? அதுக்கு எங்கட பேரே தெரியா.” அதை எழுதிவைத்தபோது நல்ல கதை என்று மட்டும்தான் நினைத்தேன். எனக்கு வருத்தம், அதாவது நோய், வந்த பிறகுதான் அவள் எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னாள் என்று தெரிந்தது.

முதலில் கால் வீங்கியது. நின்று வேலை செய்கிறவனுக்குக் கால் வீங்காமலா என்று விட்டுவிட்டேன். பிறகு உடம்பெல்லாம் சொறிச்சல். பிறகு தேத்தண்ணி குடித்தால் நாக்கில் தகரத்தை நக்கியது போல ஒரு ருசி. பரீதா சீனியைக் கூட்டினாள், குறைத்தாள், கடையை மாற்றினாள். ஒரு நாள் பஸ்ஸுக்குள்ளேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்றார் டொக்டர். அது என்ன என்று கேட்டேன். உடம்பு வேலை செய்யும்போது சேருகிற ஒரு கழிவு. சிறுநீரகம்தான் அதை வெளியே தள்ள வேண்டும். அது கூடினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் என்றார். நான் என் பாணியில் விளங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் இறங்கவில்லை. கதவில் நின்று இறக்கிவிடுகிற நடத்துநர் செத்துப்போனான். “இரண்டு பக்கமுமா டொக்டர்?” என்றேன். “இரண்டும்தான். பிரஷரைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீங்க. வருஷக்கணக்கா” என்றார்.

அதன் பிறகு இடது கையில் ஒரு சின்ன ஒப்பரேஷன். இரத்தம் கொண்டுபோகிற குழாயையும் கொண்டுவருகிற குழாயையும் ஓரிடத்தில் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். பிஸ்டுலா என்று பெயர். தொட்டுப் பார்த்தால் உள்ளே போன் அதிர்வது போல ஒரு துடிப்பு இருக்கும். அந்தத் துடிப்பு இருக்கிறவரை ஊசி ஏற்றலாம். அந்த வழியாக இரத்தம் வெளியே போய், மெஷினில் இருக்கிற வடிகட்டிக்குள் புகுந்து, கழுவப்பட்டு, மறுபடி உள்ளே வருகிறது. நாலு மணி நேரம். கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் சனியும். இது வருத்தத்தைச் சுகப்படுத்துவதில்லை. சேர்ந்த ஊத்தையைக் கழுவுகிறது, அவ்வளவுதான். முடிந்து எழும்பும்போது கரும்பு மெஷினுக்குள் போட்டெடுத்த சக்கை மாதிரி இருக்கும்.

ஆனால் இந்த வருத்தத்தில் நான் சொல்ல வேண்டியது ஊசியைப் பற்றி அல்ல, தாகத்தைப் பற்றி. சிறுநீர் போகாதபடியால் குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே நின்று நெஞ்சை அமுக்கும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டரைக் கோப்பை. மருந்து விழுங்குவதற்கும் அதற்குள்தான். எங்கள் வெயில் உங்களுக்குத் தெரியும். நோன்பு பிடித்த ஆள்தான் நான், ஆனால் நோன்பு திறக்கப் பொழுது சாய்ந்ததும் மக்ரிப் இருக்கிறது. இதற்கு மக்ரிப் இல்லை. மகள் ஸீனத், தேசிக்காயை, எலுமிச்சையைத்தான் சொல்கிறேன், மெல்லிசாக வெட்டிக் குளிரூட்டியில் வைத்து, ஒரு நாளைக்கு மூன்று துண்டு சூப்பத் தருவாள். மரக்கறியை இரண்டு தரம் அவித்து இரண்டு தண்ணியையும் கொட்டுவாள். காய்கறியில் இருக்கிற பொட்டாசியம் என்ற உப்பு எங்களுக்குக் கூடினால் இதயம் நின்றுபோகும் என்று நேர்ஸ் சொன்னதை அந்தப் பிள்ளை பாடமாக்கி வைத்திருந்தாள். “வாப்பா, ருசி இல்லண்டு எனக்குத் தெரியும், சும்மா நல்லா இரிக்கெண்டு சொல்லுங்க” என்பாள். சொல்வேன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கெட்ட குணம் வந்தது. வீட்டில் யாராவது தண்ணீர் குடித்தால் என்னால் பார்க்க முடியாது. முக்கியமாகப் பரீதா. ஒரு கோப்பை குடித்து, அதை வைக்காமலே அடுத்ததை வார்ப்பாள். கடகடவென்று தொண்டையில் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒரு நாள் சொன்னேன்: “எனக்கு முன்னுக்கு நிண்டு குடிச்சித்தான் காட்டணுமா? கடலையும் குடிச்சி முடிங்க.” அடுத்த நாளிலிருந்து அடுப்படிக் குசினிக்குப் பின்னால் போய்க் குடித்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் போகிறாள் என்று நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் கோபத்தோடு.

சிறுநீரகம் தருகிறேன் என்று முதலில் சொன்னதும் அவள்தான். இரத்தவகை ஒத்துப்போனது. முதல் பரிசோதனைகள் எல்லாம் சரி. நான்தான் மாட்டேன் என்றேன். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. முப்பது வருடம் பரீதாவின் வீட்டில் படுத்து எழும்பியவன் நான். பிறகு அந்த வீடும் ஸீனத்தின் கல்யாணத்தோடு அவளுக்குப் போய், நாங்கள் பின்வளவில் இரண்டு அறை கட்டிக்கொண்டோம். “வீட்டுலயும் இருந்து, இப்ப அவட உடம்புலயும் ஒரு பங்கு எடுக்கிறதா?” என்று சந்தையில் யாரோ கேட்டதாக எனக்கே தோன்றும். மௌலவியிடம் கேட்டேன், மார்க்கத்தில் தடையில்லை என்றார். அப்படியும் எட்டு மாதம் இழுத்தேன்.

அந்த எட்டு மாதத்துக்குள்தான் சர்மிளா மிஸ் வந்தார். ஒரு தொண்டு அமைப்பிலிருந்து, நோயாளிகளுக்குத் தைரியம் சொல்ல மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எங்கள் டயலிசிஸ் அறைக்கு வருவார். இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் ஒரு தாள், அதில் ஒரு பெரிய வட்டம், வட்டத்தைச் சுற்றிப் பெட்டிகள். ‘நாயகனின் பயணம்’ என்று தலைப்பு. உலகத்தில் எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் நாயகன் இந்த வழியாலேதான் போவான் என்றார். சும்மா இருந்தவனுக்கு ஓர் அழைப்பு வருகிறது. முதலில் மறுக்கிறான். வழிகாட்டி ஒருவர் வருகிறார். வாசல் ஒன்றைத் தாண்டுகிறான். சோதனைகள், துணைவர்கள், எதிரிகள். பிறகு இருட்டுக் குகை. அதற்குள் பெரிய பரிசு. அதை எடுத்துக்கொண்டு வீடு திரும்பி ஊருக்குக் கொடுக்கிறான். போனவன் வேறு, வந்தவன் வேறு. “உங்கட வருத்தத்தையும் இப்படிப் பாருங்க. ஒவ்வொரு பெட்டியிலயும் உங்கட கதையை எழுதுங்க” என்றார்.

பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவர் நாவிதன்வெளித் தம்பிராசா அண்ணன். வயல்காரர், என்னை விட ஏழு வயது மூத்தவர், ஆனாலும் எங்கள் ஆட்கள் மூத்த சகோதரனைக் கூப்பிடுகிறது போல என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மிஸ், இந்த நாயகன் எங்க ஒண்டுக்குப் போனவன்? அந்தப் பெட்டியக் காணல்லையே.”

அறை முழுவதும் சிரித்தது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது நின்றுபோய் மாதக்கணக்கு. சர்மிளா மிஸ்ஸும் சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க மிஸ். களத்துல சூடு மிதிக்கிற மாடும் வட்டமாத்தான் சுத்துது. அதுக்கு ஆரும் நாயகன் எண்டு பட்டம் குடுக்கல்ல.”

“அண்ணன், மாடு யோசிக்கிறல்ல. நீங்க யோசிக்கிறீங்க” என்றார் மிஸ்.

“அதுதானே மிஸ் வருத்தம்” என்றார் அவர்.

எனக்கு அந்தத் தாள் பிடித்துப்போனது, மறைக்க மாட்டேன். டிக்கட் கிழித்தே வயது போன ஒருவனிடம், நீ நாயகன் என்று ஒரு படித்த பிள்ளை வந்து சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? ‘மறுப்பு’ என்ற பெட்டியைப் பார்த்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. எல்லா நாயகனும் முதலில் மறுப்பானாம். அப்படியானால் என் எட்டு மாதமும் கதையில் உள்ளதுதான். அந்தக் கிழமையே பரீதாவிடம் சரி என்றேன். பேனை எடுத்துப் பெட்டிகளை நிரப்பினேன். வழிகாட்டி: டொக்டர். துணைவர்: மகள், மருமகன், தம்பிராசா அண்ணன். எதிரி: தாகம். குகை: கண்டி ஆஸ்பத்திரி, ஒப்பரேஷன் அறை. பரிசு: பரீதாவின் சிறுநீரகம். அப்படித்தான் எழுதினேன், என் கையெழுத்தில்.

பிறகு புதிதாக வருகிற நோயாளிகளுக்கும் நானே வட்டத்தை விளங்கப்படுத்தத் தொடங்கினேன். சில பேருக்கு அது உதவியதும் உண்மைதான். மருதமுனையிலிருந்து வந்த ஒரு தறிக்கார இளைஞன் மூன்று நாள் யாருடனும் கதைக்காமல் இருந்தவன், எதிரி என்ற பெட்டியைப் பார்த்துவிட்டு முதல் தரம் வாய் திறந்தான். “எண்ட மாமிட பேர எழுதலாமா காக்கா?” என்று கேட்டான்.

ஒப்பரேஷனுக்குக் கண்டிக்குப் போக நாள் கிடைத்தது. வாசலைத் தாண்டுகிற பெட்டியை எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்று சர்மிளா மிஸ் கேட்டார். நான் யோசித்தேன். எங்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஊரெல்லாம் போய்ப் பயணம் சொல்வார்கள். வீடு வீடாக ஏறி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பார்கள். எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் உள்ளதை அவன் மன்னிப்பான். ஆனால் ஓர் ஆளுக்குச் செய்த பிழையை அந்த ஆள்தான் மன்னிக்க வேண்டும். அது கிடைத்தால் போகிறவன் பாரமில்லாமல் போகலாம், திரும்பி வந்தாலும் வராவிட்டாலும். ஒப்பரேஷனுக்குப் போகிறவனும் அப்படித்தானே போக வேண்டும் என்று எனக்குப் பட்டது.

மூன்று கிழமை அலைந்தேன். மருமகன் வண்டியில் கொண்டுபோனார். கை காட்டியும் நிறுத்தாமல் போன தரிப்பிடங்களில் இறங்கி, அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏசியதற்கு, இன்று கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றுவிட்ட அந்தப் பிள்ளைகளிடமே கேட்டேன். காரைதீவில் ஓர் அம்மா என் தலையில் கை வைத்து, “போய்ட்டு வா மனே” என்றார். மீன்காரன் அன்சார் என்னைக் கட்டிப்பிடித்து அழுது, அந்தக் காலத்தில் பஸ்ஸின் பின்கண்ணாடிக்குக் கல்லெறிந்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். மாப்புக் கொடுத்தேன், வாங்கினேன். அவ்வளவு சனம் என்னைப் பிடித்துக்கொண்டு அழுததை நினைத்தால், உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்டியில் பரீதாவுக்கு எல்லாப் பரிசோதனையையும் திரும்பச் செய்தார்கள். கொடுக்கிறவரின் உடம்பைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். ஒரு சிறுநீரகத்தோடு அவர் வாழவேண்டுமே. வெறும் வயிற்றில் இரத்தம், சீனித் தண்ணி குடிக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு இரத்தம், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர். அந்தப் பெரிய போத்தலைத் முக்காட்டுத் தலைப்பால் மூடிக்கொண்டு நடைபாதையில் அவள் நடந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். “சிரிங்க, சிரிங்க. உங்களுக்குத்தானே சேக்கிறன்” என்றாள்.

டொக்டர் நல்ல மனிதர். சிங்களத்தில் மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இந்த அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, சில மாதமாகவே இருந்திருக்கும். சிறுநீரில் புரதம் கசிகிறது, அதாவது அவருடைய சிறுநீரகத்திலும் பாதிப்புத் தொடங்கிவிட்டது. எடுக்க முடியாது. இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. “நிறையத் தண்ணீர் குடிப்பாரே, அடிக்கடி எழும்பிப் போவாரே, வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லையா?” என்று கேட்டார்.

பரீதாவுக்குச் சிங்களம் தெரியாது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னவாம்?” என்றாள்.

“இன்னும் ஒரு செக் இரிக்காம்” என்றேன்.

அந்தப் பொய்யோடு அவளை பஸ் ஏற்றினேன். மகியங்கனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். அவள் ஒரு போத்தல் தண்ணீரை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குடித்தாள். அங்கே வைத்துத்தான் சொன்னேன். ஒப்பரேஷன் இல்லை என்றேன். உங்களிடமிருந்து எடுக்க ஏலாதாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

போத்தலின் மூடியைத் திருகி மூடினாள். பிறகு, “அப்ப எனக்கும் வருத்தமா?” என்றாள்.

அவள் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. டொக்டரின் அறையிலிருந்து மகியங்கனை வரைக்கும், என் சிறுநீரகம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது என்று நினைக்கவில்லை. வட்டத்தில் நான் அவளை வைத்த இடம் அப்படி.

ஊருக்குத் திரும்பியது ஒரு தனிக் கூத்து. பயணம் சொல்லிவிட்டுப் போனவன் பத்தாம் நாள் சந்தையில் நின்றால் சனம் என்ன செய்யும்? “காக்கா, முடிஞ்சா? சுகமா?” என்று ஓடி வந்தார்கள். இல்லை என்றதும் முகம் விழுந்தது. ஒருவர் கேட்டார்: “மறுகா எப்ப போறீங்க?” எங்கே போவது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அன்சார் என்னைக் கண்டால் மீன் பெட்டிக்குள் குனிந்துகொள்கிறான். போகிறவன் என்று நம்பிச் சொன்ன உண்மை அது; போகாமல் நிற்கிறவனை அவனால் பார்க்க முடியவில்லை.

டயலிசிஸ் அறைக்குப் போனால் தம்பிராசா அண்ணனின் கதிரையில் வேறு ஒருவர். நாங்கள் கண்டியில் இருந்த கிழமையில், வயல் வரம்பில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். பொட்டாசியம் கூடியிருக்கும் என்றார் நேர்ஸ். அவருடைய தாளை மிஸ் எனக்குக் காட்டினார். ஒரு பெட்டியிலும் ஒன்றும் எழுதவில்லை. வட்டத்துக்கு நடுவில் ஒரு மாடு வரைந்திருந்தார், நன்றாகவே வரைந்திருந்தார்.

“மிஸ், வீடு திரும்புற பெட்டியில நான் என்ன எழுதுற?” என்று கேட்டேன்.

சர்மிளா மிஸ் என் தாளை வாங்கிப் பார்த்தார். “எனக்குத் தெரியல்ல காக்கா” என்றார். அந்த வட்டத்தைப் பற்றி அவர் சொன்னதிலேயே அதுதான் நேர்மையான பேச்சு என்று நினைக்கிறேன். அந்தத் தாளில் பிழையில்லை. அழைப்பு வந்தவனுக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் நாயகன் என்று ஒருவன் நடுவில் வந்து நின்றதும், மற்ற எல்லோரும் அவனுக்காக வந்தவர்களாகிவிடுகிறார்கள். யானைக்கு எங்கள் பெயர் தெரியாது. எனக்கு என் பெயர் மட்டும்தான் தெரிந்தது.

வேறு கொடையாளி இல்லை. ஸீனத் தருகிறேன் என்றாள்; வயிற்றில் ஐந்து மாதம். வேறு யாரிடமிருந்தாவது கிடைக்கும் என்று காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்டால் நேர்ஸ்மார் வேறு கதை கதைப்பார்கள். பிஸ்டுலாவின் துடிப்பும் இப்போது மெலிந்து வருகிறது. நின்றால் கழுத்தில் குழாய் போட வேண்டுமாம். ஒரு சனிக்கிழமை போகவில்லை. ஞாயிறு முழுக்கத் தலையணை நாலு அடுக்கி, உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினேன். அப்படியும், இனிப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். எல்லோரிடமும் மாப்பு வாங்கியாயிற்று. பாரமில்லை. போகலாம்.

அப்படியிருந்த செவ்வாய்க்கிழமைதான் பரீதா அதைச் சொன்னாள். என்னட்ட மட்டும் கேக்கல்ல நீங்க.

உண்மைதான். என்னோடு வருகிறவளிடம் எதற்குப் பயணம் சொல்வது என்று நினைத்திருந்தேன்.

சுவரை விட்டுத் திரும்பி, கட்டிலில் எழும்பி உட்கார்ந்தேன். “சரி. இப்பக் கேக்கிறன். மாப்புத் தாங்க” என்றேன்.

“எதுக்கு?”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தண்ணீர் குடித்ததற்கு ஏசினேன். குசினிக்குப் பின்னால் போய்க் குடிக்க வைத்தேன். நான் ஒரு வருத்தக்காரன், தாகம் என்றால் என்னவென்று தெரிந்தவன். பக்கத்தில் ஒருத்தி தாகத்தில் நிற்பதைப் பார்க்கவில்லை. கண்டியில் பொய் சொன்னேன். அந்தத் தாளில் உங்கள் பெயரை எழுதிய இடம் பிழை. இவ்வளவையும் சொல்லி முடிக்க மூச்சு மூன்று தரம் விட்டுவிட்டு வந்தது. வெளியே மருமகன் ஹோன் அடித்தார்.

“முடிஞ்சா?” என்றாள்.

“ஓம். முடிஞ்சி. தாங்க புள்ள.”

தந்தேன் என்று சொல்லவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொடியில் கிடந்த அபாயாவை எடுத்துப் போட்டாள். என் மருந்துப் பையையும், அவளுடைய சீனி வருத்தக் கிளினிக் கொப்பியையும், ஒரு போத்தல் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வண்டியில் ஏறி, ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். பிறகு போத்தலைத் திறந்து, என்னை நேரே பார்த்துக்கொண்டு, கடகடவென்று குடித்தாள்.